பிழை எந்தப் பக்கம்?

உலக உருண்டையை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்தால், நீலத்தைத் தவிர வேறொன்றுமே கண்ணில் படாத ஒரு நிலை வரும். அதுவே பசிபிக் பெருங்கடல். பூமியின் மேற்பரப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அதற்கே உரியது. பள்ளிக்கூடத்தில் 31 ஆண்டுகள் புவியியல் கற்பித்த நாம், அந்த நீலத்தைப் பற்றி மாணவர்க்குச் சொன்னது இரண்டு மூன்று வாக்கியங்களுக்கு மேல் இராது. வகுப்பறைச் சுவரில் நாம் மாட்டிய படங்களில் அக்கடல் நடுவே வெட்டுண்டு, பாதி இடக்கோடியிலும் பாதி வலக்கோடியிலுமாகக் கிடந்தது. அதன் தீவுகளோ அச்சுப் பிழைதானோ என்று ஐயுறத்தக்க சிறு புள்ளிகள். அந்தப் புள்ளிகளைத் தேடி முதுமையில் வானில் அலையப் போகிறோம் என்று அன்று எவரேனும் சொல்லியிருந்தால் நகைத்திருப்போம்.

அலைந்தது மெய்யான வானில் அன்று. நம் வீட்டு மாடியறையில், ஒரு கணினித் திரைக்கு முன்னால் அமர்ந்தே அத்தனை தூரமும் பறந்தோம். விமானம் ஓட்டுவதைப் போலவே காட்டும் கணினிச் செயலி ஒன்றை நம் மகள் வயிற்றுப் பேரன் அதில் ஏற்றித் தந்தான். மாப்பிள்ளை வளைகுடாவில் வேலை பார்ப்பதால் மகளும் பேரனும் நம்முடனேயே இருக்கிறார்கள். பேரனுக்கு வயது பதினைந்து. நடக்கத் தொடங்கிய நாள்முதல் அவனுக்கு விமானம் என்றால் உயிர். அதற்கு ஒரு காரணம் நாம்.

நம் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. 1979-ஆம் ஆண்டில், இருபது வயதில், விமானியாகும் பயிற்சிக்கு விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வில் தேறி, சென்னைக்கு மருத்துவச் சோதனைக்குச் சென்றோம்; அங்கே சிபாரிசு உள்ளவர்களை எடுத்துக்கொண்டு நம்மைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பதே அந்தக் கதை. மனைவி அறிந்ததும் அதுதான், மகள் அறிந்ததும் அதுதான். "நன்னாவுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைக்கும்" என்று பேரன் சொல்லும்போதெல்லாம் வீட்டில் அனைவர் முகமும் மலரும். நம் முகமும் மலர்ந்ததுண்டு.

இனி விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். செயலியில் எத்தனையோ புதிய விமானங்கள் இருக்க, நாம் தேர்ந்தெடுத்தது டக்ளஸ் டி.சி.3 என்னும் பழைய விமானம். நம்மவர்கள் இதனை டக்கோட்டா என்ற பெயரால் அறிவார்கள். ஆட்டம் கண்ட பழைய பேருந்தைக் கண்டால் "சரியான டக்கோட்டா வண்டி" என்று நாம் கேலி பேசுகிறோமே, அந்தப் பெயருக்குரிய புண்ணியவதி இதுதான். ரைட் சகோதரர்கள் பறந்து சரியாக 32 ஆண்டுகள் நிறைந்த நாளில், 1935 டிசம்பர் 17 அன்று, இது முதன்முதலாக வானேறியது. போர்க்கால வகைகளையும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டன. மூக்கை நிமிர்த்தி, வாலைத் தரையில் ஊன்றி நிற்கும். இரண்டு எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் வட்டமாக அடுக்கிய 14 சிலிண்டர்கள். மணிக்கு 240 கிலோமீட்டர் அளவில் நிதானமாகச் செல்லும். கேலிக்குரியதாக நாம் நினைத்த இதனிடம் பாடம் கேட்கும் நாள் வந்தது.

வீட்டில் உட்கார்ந்து பறப்பது சிறுபிள்ளை விளையாட்டல்லவா என்று நேயர்கள் கேட்கலாம். நமக்கும் தொடக்கத்தில் அந்தக் கூச்சம் இருந்தது. ஆனால், இதன் வரலாறு விளையாட்டாகத் தொடங்கியதன்று. அமெரிக்காவில் ஆர்கன் என்னும் இசைப்பெட்டிகளைச் செய்யும் தொழிற்சாலை நடத்தியவரின் மகன் எட்வின் லிங்க் என்பவர். அந்த இசைப்பெட்டிக்குக் காற்றூதும் துருத்திகளையும் அடைப்பிதழ்களையும் கொண்டே, தரையில் நின்றபடி சாய்ந்தும் திரும்பியும் ஆடும் ஒரு போலி விமானத்தை அவர் 1929-இல் செய்து முடித்தார். முதலில் அதனைப் பெரிதும் விரும்பியவை பொழுதுபோக்குப் பூங்காக்களே. 1934-இல் அமெரிக்க இராணுவ விமானப் பிரிவு தபால் சுமக்கும் பணியை ஏற்று, மேகத்துக்குள் பறக்கப் பழகாத விமானிகள் பலரைச் சில வாரங்களிலேயே பறிகொடுத்தது. அதன் பின்னரே அது ஆறு லிங்க் பெட்டிகளை விலைக்கு வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் இலட்சக்கணக்கானோர் அவற்றில் பழகினர். ஒருவனுடைய பிழை, அவனைக் கொல்லாத ஓரிடத்தில் வெளிப்பட வேண்டும். பாவனைப் பறத்தலின் பயன் முழுதும் அந்த ஒன்றில் அடங்கும். இந்த உண்மையை அப்போது ஏட்டளவில் படித்தோம். பின்னர் அது நம்மீதே வந்து விழுந்தது.

பேரனும் நாமும் ஒரு வழியைக் குறித்துக்கொண்டோம். பிஜியின் தலைநகரான சுவாவுக்கு அருகிலுள்ள நௌசோரி விமான நிலையத்திலிருந்து துவாலு நாட்டின் ஃபுனாஃபுட்டிக்குச் செல்வது. பாரதியாரின் பாட்டால் தமிழர் நெஞ்சில் தைத்த நாடு பிஜி. 1903 முதல் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தென்னாட்டு ஒப்பந்தக் கூலிகள் அதன் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றார்கள். நௌசோரியே ஒரு காலத்தில் சர்க்கரை ஆலை ஊர்தான். அங்கிருந்து ஏறத்தாழ நேர் வடக்கே 1,060 கிலோமீட்டர் தூரத்தில் ஃபுனாஃபுட்டி இருக்கிறது. வனுவா லேவு என்ற பெரிய தீவைக் கடந்தபின், வழியில் நம்பிக் கைவைக்க ஒன்றுமில்லை.

ஃபுனாஃபுட்டி ஒரு பவளத் தீவு வளையம். நடுவே அகன்ற காயல். அதைச் சுற்றி நூலிழைபோல் நிலம். வளையத்தின் நிலம் முழுவதையும் கூட்டினாலும் இரண்டரைச் சதுரக் கிலோமீட்டர் தேறாது. முக்கியமான துண்டான ஃபோங்காஃபாலே மிக அகன்ற இடத்தில் 400 மீட்டர். ஒடுங்கிய இடத்தில் 20 மீட்டர். போர்க்காலத்தில் அமெரிக்கர்கள் அமைத்த ஓடுபாதை அதன்மீதுதான் கிடக்கிறது. விமானம் வராத மாலைப்பொழுதில் ஊர்ப் பிள்ளைகள் அதில்தான் பந்தாடுகிறார்கள். விமானம் வரும் நேரத்தில் சங்கு ஊதி அவர்களை விலக்குகிறார்கள்.

இன்றைய செயலியில் நாம் எங்கிருக்கிறோம் என்பதைத் திரையே காட்டிவிடும். தீவிலுள்ள வானொலிக் கலங்கரையை நோக்கி முள்ளொன்றும் திரும்பும். இவ்விரண்டையும் அணைத்துவிடுவதென்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். பழைய விமானத்தைப் பழைய முறையிலேயே ஓட்ட வேண்டுமல்லவா? திசைகாட்டி, வேகமானி, கடிகாரம், பென்சில், ஒரு கோடிட்ட நோட்டு, இவைதாம் துணை. செயலியின் நாட்காட்டியில் ஜூன் மாதத்தை வைத்தோம். அது தென்கிழக்குக் காற்று ஓயாமல் வீசும் பருவம்.

விடுமுறை நாளொன்றில் சுபுஹுத் தொழுகை முடித்து மாடியேறினோம். திரையில் நௌசோரியின் கடிகாரம் காலை ஏழே முக்கால். பாரம் குறையட்டுமென்று ஆறு மணி நேரத்துக்குரிய எரிபொருள் மட்டும் ஏற்றிக்கொண்டு வடக்கே திரும்பினோம். நான்கு மணி நேரத்துக்குப் பின் தீவு தெரிய வேண்டும். கடலும் மேக நிழல்களுமே தெரிந்தன. ஒவ்வொரு மேக நிழலும் ஒரு தீவாகத் தோன்றி, கிட்டப் போனதும் கரைந்தது. நான்கே கால்; நான்கரை. "தாண்டிட்டோமா நன்னா?" என்றான் பேரன். நமக்குத் தெரியவில்லை.

இந்தத் தூரத்தில் திசை ஒரு பாகை பிசகினால் சேருமிடம் 18 கிலோமீட்டர் தள்ளிப் போகும். மூன்று பாகை பிசகினால் 55 கிலோமீட்டர். பக்கக் காற்றைச் சற்றே குறைத்து மதிப்பிட்டால் இந்தப் பிசகு தானே வந்து சேரும். அதைவிடப் பெரிய தொல்லை வேறொன்று. பிசகியிருக்கிறோம் என்பது தெரிகிறது. ஆனால் பிசகியது இடப்பக்கமா வலப்பக்கமா என்பது தெரியவில்லை. இடப்பக்கம் இருபது நிமிடம் தேடினோம். மனம் கேளாமல் வலப்பக்கம் திரும்பி நாற்பது நிமிடம் தேடினோம். ஒவ்வொரு முறை திரும்பும்போதும், விட்டு வந்த பக்கத்தில்தான் தீவு இருக்கிறது என்று உள்ளம் அடித்துக்கொண்டது. கடைசியில் இடப்பக்க எஞ்சின் இருமி நின்றது. மறு எஞ்சினும் நின்றது. கடல் மெல்ல மேலே எழுந்து வந்தது. நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்திருந்த நமக்கு உள்ளங்கை வியர்த்திருந்தது.

1937 ஜூலை 2 அன்று நிகழ்ந்ததை அப்போதுதான் நெஞ்சால் உணர்ந்தோம். அமெலியா ஏர்ஹார்ட் அம்மையாரும் வழிகாட்டி ஃபிரெட் நூனானும் நியூகினியின் லே நகரிலிருந்து 4,100 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஹௌலண்ட் தீவைத் தேடிப் பறந்தார்கள். அத்தீவின் நீளம் இரண்டரைக் கிலோமீட்டர்கூட இல்லை. அவர்களுக்காகக் காத்திருந்த கப்பல் அவர்களின் குரலைத் தெளிவாகக் கேட்டது. ஒரு கோட்டின்மீது வடக்கும் தெற்குமாகப் பறந்துகொண்டிருக்கிறோம் என்பது அவர்களிடமிருந்து வந்த இறுதிச் செய்திகளுள் ஒன்று. அவர்களின் விமானம் என்ன ஆயிற்று என்பது இன்றளவும் ஐயமற நிறுவப்படவில்லை. புத்தகத்தில் பலமுறை படித்த செய்திதான். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்ற தவிப்பு அதற்குள் இருந்ததை நாம் கண்டதில்லை.

இதற்கு வழியே இல்லையா என்று தேடியபோது, ஆறாண்டுகளுக்கு முன்பே ஒருவர் வழி கண்டிருந்தது தெரிந்தது. அவர் ஃபிரான்சிஸ் சிச்செஸ்டர். பிற்காலத்தில் 1966-67-இல் பாய்மரப் படகில் தனியே உலகைச் சுற்றிப் புகழ்பெற்றவர். 1931-இல் அவர் ஜிப்ஸி மாத் என்னும் சிறு விமானத்தில் தன்னந்தனியராக நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு டாஸ்மன் கடலைக் கடந்தார். ஒரே மூச்சில் கடக்கும் எரிபொருள் அந்த விமானம் கொள்ளாது. ஆகவே, எழுநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள நார்ஃபோக் தீவை முதலில் கண்டுபிடித்தாக வேண்டும். தவறினால் கடல்தான்.

அவர் என்ன செய்தார்? தீவை நோக்கிக் குறிவைக்கவில்லை! வேண்டுமென்றே ஒரு பக்கம் நன்றாக விலகிக் குறிவைத்தார். தம் கணக்கில் வரக்கூடிய பிசகு எவ்வளவோ, அதைவிட அதிகமாக விலகினார். பிறகு செக்ஸ்டன்ட் கருவியால் சூரியனின் உயரத்தை அளந்து, தீவின் ஊடே செல்லும் கோட்டின்மீது வந்துவிட்டோம் என்று அறிந்ததும், தயங்காமல் ஒரே பக்கம் திரும்பினார். தீவு அந்தப் பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும். மறுபக்கத்துக்கு இடமே இல்லை. அப்படியே அதனை அடைந்தார். பிழையே வராது என்று நம்புகிறவன் நடுக்கடலில் இரு பக்கமும் அலைகிறான். வரும் பிழையை முன்னரே ஒரு பக்கம் தள்ளி வைத்தவன் கரை சேர்கிறான். இதைப் படித்த அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. மகிழ்ச்சியால் என்றே அப்போது எண்ணினோம்.

அந்தத் தீவுகளின் மக்களுக்கோ கருவியே இல்லாமல் வழி தெரிந்திருந்தது. 1976-இல் சத்தாவல் தீவினரான மௌ பியாலுக் என்னும் பெருமாலுமி, ஹொக்குலேயா என்ற இரட்டைப் படகை ஹவாயிலிருந்து தாஹித்திக்கு ஏறத்தாழ ஒரு மாதத்தில் செலுத்திச் சென்றார். விண்மீன்களும் அலைகளும் காற்றுமே அவருக்குப் படமும் திசைகாட்டியும். அம்மாலுமிகளின் அறிவில் ஒரு நுட்பம் நம்மை ஈர்த்தது. மாலையில் கூடு திரும்பும் கடற்பறவைகள், தீவின்மேல் அசையாது நிற்கும் மேகம், காயலின் பச்சை ஒளி பட்டு அடிவயிற்றில் பச்சை படரும் மேகம் ஆகியவற்றால், கண்ணுக்குத் தெரியாத தொலைவிலேயே தீவு தன்னை அறிவித்துவிடுமாம். இணையத்தில் அத்தகைய மேகத்தின் நிழற்படம் ஒன்றைப் பேரன் எடுத்துக் காட்டினான். இருவரும் உற்றுப் பார்த்தோம். பச்சை எதுவும் புலப்படவில்லை. படம் சரியில்லை என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்தோம்.

அடுத்த விடுமுறையில் மீண்டும் புறப்பட்டோம். பேரன் எங்கிருந்தோ தேடி ஒரு செக்ஸ்டன்டையும் செயலியில் இணைத்திருந்தான். இம்முறை ஃபுனாஃபுட்டிக்கு மேற்கே, அதாவது இடப்பக்கம், 80 கிலோமீட்டர் விலகிக் குறிவைத்தோம். நண்பகல் நெருங்கியது. தெற்குப் பூகோளத்து ஜூன் மாதமாதலால் சூரியன் வடக்கே நின்றது. ஃபுனாஃபுட்டியின் அட்சரேகை தெற்கே எட்டரைப் பாகை. அந்தக் கோட்டில் அன்றைய நண்பகற் சூரியன் 58 பாகை உயரத்தில் நிற்க வேண்டும். பேரன் அளந்துகொண்டே இருந்தான். "அம்பத்தெட்டு!" என்று அவன் கூவியதும் கிழக்கே, வலப்பக்கம், திரும்பினோம். இனி இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகம்.

பத்து நிமிடம் வரை கடல்தான். ஆனால், சென்ற முறையிருந்த தவிப்பு இல்லை. பதினேழாம் நிமிடத்தில் ஒரு வெண்கோடு. அலை உடையும் கோடு. அதன்மேல் தென்னைகளின் கருநிற ஓரம். பிறகு வளையம் முழுவதும் கண்முன் விரிந்தது. "கண்டுட்டோம் நன்னா!" என்று பேரன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். அறுபத்தாறு வயது நமக்கும் எழுந்து நிற்கத் தோன்றியது.

அந்த மகிழ்ச்சியில் இறங்கும் ஆயத்தங்களை விரைவாக முடித்தோம். பேரன் பட்டியலைப் படிப்பான். நாம் விடை சொல்வோம். அவனும் ஒருமுறை சரிபார்ப்பான். இதுதான் நம் முறை. "சக்கரம்?" என்றான். கருவிப் பலகையில் சக்கரத்துக்குரிய விளக்குகள் அருகருகே இரண்டு. சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டால் பச்சை எரியும்; இல்லையேல் சிவப்பு. ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "பச்சை" என்றோம். அவன் குனிந்து பார்த்து, "பச்சை" என்றான்.

தேநீருடன் மகள் வாயிலில் வந்து நின்றிருந்தாள். "என்ன அத்தா, ரெண்டு பேரும் பச்சைங்கிறீங்க? சிவப்புல்ல எரியுது!" என்றாள் சிரித்துக்கொண்டே.

அதற்குள் ஓடுபாதை கீழே வந்துவிட்டது. சக்கரத்தை இறக்கவே நாம் மறந்திருந்தோம். விசிறிகள் தரையில் மோதி வளைய, விமானம் உராய்ந்து நின்றது. டி.சி.3-இன் சக்கரங்கள் மடிந்த நிலையிலும் பாதியளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே, இப்படி இறங்கினாலும் விசிறிகள் கெடுமேயன்றி, உடல் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மனிதன் ஒருநாள் மறப்பான் என்பது அதைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பேரன் சிரித்தான். நாம் சிரிக்கவில்லை. அவன் தாய் சிவப்பு என்றாள்; அவன் பச்சை என்றான்; நாமும் பச்சை என்றோம். அந்த அறையில் அப்போது நடந்தது இன்னதென்று அறிந்தவர் நாம் ஒருவர் மட்டுமே.

நேயர்களுக்கு இனி மறைப்பதற்கில்லை. 1979-இல் அந்த மருத்துவச் சோதனையில் எவருடைய சிபாரிசும் குறுக்கே வரவில்லை. வண்ணப் புள்ளிகள் நிறைந்த அட்டைகளை மருத்துவர் ஒன்றன்பின் ஒன்றாக நம் முன் வைத்தார். புள்ளிகளுக்குள் மறைந்திருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். ஜப்பானியக் கண் மருத்துவர் இஷிஹரா 1917-இல் வெளியிட்ட சோதனை அது. முதல் அட்டை தவிர்த்துப் பெரும்பாலானவற்றில் நமக்குப் புள்ளிகளே தெரிந்தன, எண் தெரியவில்லை. அவர் கனிவோடு விளக்கினார். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் திறன் நம் கண்களில் குறைவு என்றார். பிறப்பிலேயே வந்தது, மருந்தில்லை என்றார். ஊர் திரும்பும் இரயிலில் நாம் ஒரு கதையைக் கட்டினோம். கண்ணில் குறை என்று சொல்வதைவிட, ஊரில் நீதியில்லை என்று சொல்வது எளிதாக இருந்தது. கேட்டவர்கள் நமக்காக வருந்தினார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல நாமே அக்கதையை நம்பத் தொடங்கினோம். நேர்மையாக நடந்துகொண்ட ஓர் அலுவலகத்தின்மீதும் ஒரு மருத்துவர்மீதும் இத்தனை காலம் பழி சுமத்திவந்தோம்.

பழியோடு நின்றிருந்தால் அது நம் பாவம் மட்டுமே. இந்தக் குறை இறங்கும் வழியை நாம் அறிந்திருந்தும் பேசாதிருந்தோம். தந்தையிடமிருந்து மகனுக்கு இது செல்வதில்லை, மகளுக்குச் செல்கிறது. மகளின் பார்வை பெரும்பாலும் பழுதின்றியே இருக்கும். அவள் பெறும் ஆண்மக்களில் ஒவ்வொருவருக்கும் சரிபாதி வாய்ப்பில் வெளிப்படும். ஐரோப்பிய வழியினரில் ஆண்கள் பன்னிருவரில் ஒருவருக்கும், பெண்கள் இருநூற்றுவரில் ஒருவருக்கும் இது உண்டு என்பர். விமானம் விமானம் என்று துடித்த பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சிய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், ஒருநாளேனும் அவன் முன் ஒரு வண்ண அட்டையை நீட்டியிருக்கலாம். நீட்டினால் நம் கதை உடையும். அந்த அச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டோம்.

இங்கிலாந்து அறிஞர் ஜான் டால்டனைப் பற்றி இப்போது அடிக்கடி எண்ணுகிறோம். அணுக்கொள்கைக்குப் பேர்போன அதே டால்டன்தான். தமக்கு நிறங்கள் பிறரைப் போல் தெரியவில்லை என்பதை உணர்ந்ததும், 1794-இல் அறிஞர் சபையில் அதையே ஒரு கட்டுரையாகப் படித்தார். தம் கண்ணுக்குள் இருக்கும் நீர் நீல நிறமாக இருக்க வேண்டும் என்பது அவர் ஊகம். இறந்தபின் கண்ணைத் திறந்து பார்க்கவும் சொல்லிவைத்தார். 1844-இல் அவ்வாறே பார்த்தார்கள். நீர் தெளிவாக இருந்தது. ஊகம் தவறு. ஆனால், காத்துவைத்த அக்கண்ணின் மரபணுவை 1995-இல் ஆய்ந்து, பச்சைக்குரிய உணர்வு அவருக்கு இல்லை என்பதைக் கண்டறிந்தார்கள். குறையை மறைக்காதவர் இறந்து 150 ஆண்டு கழிந்தும் அதனால் பிறர்க்குப் பயன் தந்தார். மறைத்த நாம் சொந்தப் பேரனுக்கும் பயன்படவில்லை.

அன்றிரவு இஷாவுக்குப் பின் மனைவி, மகள், பேரன் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னோம். மனைவி ஒன்றும் பேசவில்லை. மகள், "என் வழியாத்தானே அத்தா அவனுக்குப் போச்சு" என்று அழுதாள். அவளுக்கு என்ன குற்றம்? கொடுத்தவர் நாம்; கொண்டுபோனது தெரியாத சுமைக்காரி அவள். பேரன் ஒரு கேள்விதான் கேட்டான்: "தெரிஞ்சிருந்தும் ஏன் நன்னா சொல்லலே?" நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தகப்பனாகவும் பாட்டனாகவும் எத்தனையோ கேள்விகளுக்கு விடை சொன்ன நாம் அதற்கு விடை சொல்லவில்லை. அடுத்த நாள் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அதே அட்டைகள். நமக்குத் தெரியாத எண்கள் அவனுக்கும் தெரியவில்லை.

மருத்துவர் சொன்னதையும் எழுதிவிடுகிறோம். நம்மைப் போன்ற வீடுகளுக்கு உதவும். இந்த அட்டைகளில் தவறியதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. குறையின் அளவைத் துல்லியமாக அறியும் மேற்சோதனைகள் உண்டு. குறை சிறிதாயின் அவற்றில் தேறுவோரும் உண்டு; தேறாதோரும் உண்டு. விமானத்தோடு தொடர்புடைய தொழில்களில் எவை எவ்வளவு நிறப்பார்வை வேண்டுகின்றன என்பதையும் முன்னரே விசாரித்துக்கொள்ளலாம். பதினைந்தில் அறிந்தால் வழியை மாற்றக் காலம் இருக்கிறது. இருபதில், ஒரு சோதனை மேசைக்கு முன்னால் அறிந்தால், இரயிலில் கதை கட்டத்தான் தோன்றும்.

பதினொரு நாள் பேரன் மாடிக்கு வரவில்லை. நாமும் அழைக்கவில்லை. கணினி துணி மூடிக் கிடந்தது. பன்னிரண்டாம் நாள் அஸருக்குப் பின் படியேறி வரும் ஓசை கேட்டது. கையில் ஒரு தாள். "பழைய டி.சி.3 விமானிகள் விளக்கை மட்டும் நம்பமாட்டாங்களாம் நன்னா. சன்னல் வழியா எட்டிச் சக்கரத்தையே பார்ப்பாங்களாம். இடப்பக்கம் இருக்கறவர் இடது சக்கரத்தை, வலப்பக்கம் இருக்கறவர் வலது சக்கரத்தை" என்றான். நம் முகத்தைப் பார்க்காமல், தாளைப் பார்த்தே சொன்னான்.

மறுபடியும் நௌசோரியிலிருந்து புறப்பட்டோம். மறுபடியும் இடப்பக்கம் விலகியே குறிவைத்தோம். 58 பாகையில் வலப்பக்கம் திரும்பினோம். வெண்கோடு தெரிந்ததும் இம்முறை எவரும் எழுந்து நிற்கவில்லை. பேரன் பட்டியலைப் படித்தான். "சக்கரம்?" என்றதும் நாம் விளக்கைப் பார்க்கவில்லை. பார்வைப் பொத்தானை அழுத்தி இடச் சன்னல் வழியே கீழே நோக்கினோம். எஞ்சினுக்கு அடியில் பருத்த கருஞ்சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காண நிறம் தேவைப்படவில்லை.

"இடது சக்கரம் கீழே" என்றோம்.

அவன் தன் பக்கத்துப் பார்வையைத் திருப்பி நெடுநேரம் உற்றுப் பார்த்தான். பிறகு, "வலது சக்கரமும் கீழே நன்னா" என்றான்.